சத்தம் போடாத ஆட்டம்

அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு எப்போதும் ராத்திரி டியூட்டிதான். காலை எட்டு மணிக்கு வருவாள், குளிப்பாள், எங்களுக்குச் சமைத்து மூடி வைத்துவிட்டுப் படுப்பாள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். அவள் வரும்போது இவர் கிளம்புவார். "வாசல்ல அஞ்சு நிமிஷம் பாத்துக்கறோமே, அதுதான் நாங்க குடும்பம் நடத்துற லட்சணம்" என்று அப்பாவே கேலி பேசுவார்.

பள்ளி விடுமுறை முழுக்க நானும் தம்பியும் வீட்டுக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் தரையில்தான் கிடப்போம். எனக்குப் பத்து வயது, அவனுக்கு ஆறு. உடம்பை விடக் காது பெரிது என்பதால் அவனுக்கு முறம் என்று பேர் வைத்திருந்தேன்.

அம்மா படுக்கும் அறையின் ஜன்னல் அந்தப் பக்கம்தான் இருந்தது. அதனால் எங்கள் ஆட்டம் எல்லாம் ஊமை ஆட்டம். செங்கல் துண்டால் நொண்டிக் கட்டம் போட்டு, சில்லுக்குப் பதில் நனைத்துப் பிழிந்த துணி முடிச்சை எறிவோம். வாயைத் திறந்தவர் காதில் துணிக் கிளிப் மாட்டப்படும். அடுத்தவர் அவுட்டாகும் வரை கழற்றக் கூடாது. சண்டை வந்தாலும் விரலாலும் புருவத்தாலும்தான் திட்டிக்கொள்வோம். என்னைக் குரங்கு என்று திட்ட, முறம் தன் அக்குளைச் சொறிந்து காட்டுவான். சிரிப்பை அடக்க முடியாமல் பெரும்பாலும் நான்தான் தோற்பேன். மதியம் இரண்டு மணிக்கு அம்மா எழுந்து வந்து, யார் காதில் கிளிப் என்று பார்த்துவிட்டுத்தான் முகமே கழுவுவாள்.

அன்று அவள் வரும்போதே நெற்றியை அமுக்கிக்கொண்டு வந்தாள்.

"மண்டை உடையுதுடி. இன்னைக்கு என்னை எழுப்பாதீங்க, என்ன?"

"நாங்க என்னைக்கும்மா எழுப்பியிருக்கோம்?" என்றேன்.

"அதானே" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

இரண்டு மணிக்கு அவள் வரவில்லை. பாவம், அசதி என்று நினைத்தேன். முறத்துக்குச் சோறு போட்டுக் கொடுத்தேன். பாத்திரம் உருளாமல் பார்த்துக்கொண்டேன். மறுபடி ஆடப் போனோம். அவன் துவைக்கிற கல்லின் மேலிருந்து குதித்து, வழுக்கி விழுந்தான். முட்டி கிழிந்து ரத்தம் வழிந்தது. அவன் வாய் பெரிதாகத் திறந்தது. பிறகு சட்டை நுனியை எடுத்து அவனே வாய்க்குள் திணித்துக்கொண்டான். கண்ணீர் பொலபொலவென்று கொட்டுகிறது, ஒரு சின்ன முனகல்கூட இல்லை. எனக்கு ஒரே பெருமை. அவனைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினேன்.

நாலு மணிக்கு அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். போர்வைக்கு வெளியே ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது. தொட்டேன், ஜில்லென்று இருந்தது. ஃபேன் காற்று என்று நினைத்தேன். போர்வையை இழுத்து மூடிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.

ஐந்தரைக்கு அப்பாவின் வண்டி வந்தது. நாங்கள் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு ஓடினோம்.

"அம்மா இன்னும் தூங்கறாங்கப்பா. நாங்க சத்தமே போடல. நான் கீழ விழுந்தும் அழல" என்று முறம் அவர் காதில் கிசுகிசுத்தான்.

"அடேயப்பா, கெட்டிக்காரன்டா நீ!" என்று அப்பாவும் கிசுகிசுத்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி உள்ளே போனார்.

அப்புறம் அந்த அலறல் கேட்டது. அப்பாவின் குரல் என்றே எனக்குப் புரியவில்லை. முறம் என் கையைப் பிடித்து இழுத்தான்.

"அப்பா அவுட்டுக்கா" என்றான்.

மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். தூக்கத்திலேயே, வலி தெரியாமல் போயிருப்பாள் என்று அவள் கூட வேலை பார்த்த நர்ஸ்கள் சொல்லிச் சொல்லி அழுதார்கள். எத்தனை மணிக்கு என்று நான் ஒவ்வொருவரிடமாகக் கேட்டேன். எல்லோரும் என் தலையைத் தடவினார்கள்.

வீடு நிறைய ஆட்கள் கதறினார்கள். முறம் மட்டும் சட்டை நுனியைக் கடித்தபடி ஒரு மூலையில் நின்றான். "சின்னப் பிள்ளை, அதுக்கு என்ன தெரியும்" என்றாள் அத்தை. அவன் என்ன செய்கிறான் என்று எனக்கும் அப்பாவுக்கும்தான் தெரியும். அப்பா அவனை மடியில் போட்டுக்கொண்டு, வாயிலிருந்து சட்டையை உருவினார்.

"கத்துடா செல்லம். நல்லாக் கத்து. இனிமே யாரும் எழுந்துக்க மாட்டாங்கடா."

அவன் கத்தவில்லை. பள்ளி திறந்து ஒரு மாதம் கழித்து, வகுப்பில் பென்சில் தொலைந்துவிட்டது என்று அழ ஆரம்பித்தானாம். டீச்சர் பயந்துபோய் அப்பாவுக்குப் போன் செய்யும் அளவுக்கு அழுதானாம்.

போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த அந்தக் காலைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பது வருஷம் கழித்து, நானும் நர்ஸிங் படிக்கப் போவதாகச் சொன்ன அன்று, அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு நாலு மணிக்கே அம்மா காலை நான் தொட்டேன்ப்பா. ஜில்லுன்னு இருந்துச்சு. யாரையாவது கூப்பிட்டிருக்கலாம்."



"அன்னைக்கு மதியம் நான் போனைக் கையில எடுத்தேன். தலைவலி எப்படி இருக்குன்னு கேக்கலாம்னு. தூங்குறவளை எதுக்குக் கெடுக்கணும்னு வெச்சுட்டேன்" என்றார் அப்பா.

அவரும் அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எழுந்து முகம் கழுவப் போனார். குழாய் நெடுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது.