சீட்டுக்கடியில் ஒரு பெட்டி

செண்பகவல்லி கேட்டது ஸ்கூட்டர். தாணுமாலையன் வாங்கி வந்தது பைக்.

அதுவும் ஊரில் அப்போதுதான் ஒன்றிரண்டாகத் தென்படத் தொடங்கியிருந்த நூறு சி.சி. யமஹா. கருப்பு நிறம், குட்டை உடம்பு, முறுக்கினால் முன்சக்கரம் தூக்கிக்கொண்டு பாயத் துடிக்கும் வண்டி. வலியசாலைத் தெருவில் அது திரும்பும் சத்தம் கேட்டாலே ஜன்னல்கள் திறந்தன.

"பிள்ளை குட்டின்னு ஆனபெறவு ஸ்கூட்டர்தான் வாங்கணும். இப்ப விட்டா இத எப்ப ஓட்டுகதுக்கு?" என்றான் தாணுமாலையன். ஸ்டாச்சூ ஜங்ஷனில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் அவன் கிளார்க். கல்யாணம் முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவன் சொன்னதில் இருந்த பிள்ளை குட்டியை நினைத்துச் சிரித்துக்கொண்டு அவள் அதோடு விட்டுவிட்டாள்.

வண்டியில் ஒரு குறை. ஒரு தீப்பெட்டி வைக்கக்கூட இடமில்லை. சீட்டைத் தூக்கினால் பேட்டரியும் ஸ்பானர் சுருட்டிய துணியும் இருக்கும், அவ்வளவுதான். ஸ்கூட்டர் என்றால் முன்னால் ஒரு டப்பா உண்டு, கால் வைக்கிற இடத்தில் பை வைக்கலாம். இதிலோ எல்லாம் அவள் மடிமேல் வந்து உட்கார்ந்தன. அவனுடைய பைல் பை, குடை, ரெயின்கோட், பாளையம் மார்க்கெட்டில் வாங்கிய சேனைக்கிழங்கு. ஒருபக்கமாக உட்கார்ந்து, இடது கையால் இதையெல்லாம் அணைத்துக்கொண்டு, வலது கையால் சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு வருவாள். புருஷன் ஒரு சாண் தூரத்தில் இருப்பான். அந்த ஒரு சாணைக் கடக்க அவளுக்குக் கை ஒழியவில்லை.

நெருக்கத்தை வாய்விட்டுக் கேட்கிற சுபாவம் அவளுக்கு இல்லை. ஆகவே இடத்தைக் கேட்டாள்.

"சீட்டுக்கடியில ஒரு பெட்டி பண்ணீரலாமே?"

"அங்க எங்க இடம் இருக்கு பிள்ளே?"

"இல்லைன்னா உண்டாக்கணும்."

நாகர்கோவிலில் பிசிக்ஸ் படித்தவள். சீட்டைக் கழற்றித் தரையில் போட்டு, பழுப்புக் காகிதத்தில் வரைந்து வெட்டினாள். சீட்டின் முன்பக்கம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், அங்கே ஒரு கீல். பின்பக்கத்தை மட்டும் மூன்று அங்குலம் தூக்கினால் போதும், மட்கார்டுக்கு மேலே ஒரு பெட்டி கிடைக்கும். மூன்று அங்குலம் என்று சொன்னதே அவள்தான். சாலைக் கடையிலிருந்து அவன் ஒரு பெரிய பிஸ்கட் டின் வாங்கி வந்தான். டின்னை வெட்டிப் பக்கங்கள் செய்தார்கள். அடியில் பிளைவுட். தண்ணீர் இறங்காமல் இருக்க விளிம்பில் சைக்கிள் டியூபை அறுத்து ஒட்டினார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஓடின. டின் கிழித்து அவன் விரலில் ரத்தம் வந்தபோது அவள் வாயில் வைத்து உறிஞ்சினாள். அந்த இரண்டு ஞாயிறுகளைப் போல் சந்தோஷமான நாள் அந்த வீட்டில் அதுவரை வந்ததில்லை.

முதல் சவாரிக்கு அவள் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து வீட்டுப் பொன்னம்மை வாசலில் நின்று சத்தம் போட்டாள்.

"ஏ பிள்ளே, யானை மேல அம்பாரியிலயா போற? எங்க முத்தத்துக் கொய்யாவ அப்படியே எட்டிப் பறிச்சிட்டுப் போ!"

மடி காலி. கைகள் காலி. கிள்ளிப்பாலம் வளைவில் அவன் பிரேக்கை அழுத்தினான். ரெக்ஸின் சீட்டில் அவள் சறுக்கிக்கொண்டு போய் அவன் முதுகில் நின்றாள். தன்னை அறியாமல் கை அவன் தோளைப் பற்றியது.

"ஐயோ, சரிஞ்சிட்டு."

"சரியட்டும். பிடிச்சுக்கோ."

சரிவு உண்டாகும் என்று அவளுக்கு முன்பே தெரியாதா என்று கேட்டால், தெரியும். படித்தவள் அல்லவா. தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அதன்பிறகு ஒன்றுமில்லாத வேலைக்கெல்லாம் வெளியே கிளம்பினாள். கறிவேப்பிலை வாங்கக்கூட.

ஜூன் மாதத்து இடவப்பாதி மழை தொடங்கிய வாரம் அது. ஒருநாள் சாயங்காலம் அவன் வந்ததும் ரெயின்கோட்டை எடுக்கப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு குடை. ஊதாப் பூ போட்ட, மடக்குகிற லேடீஸ் குடை. அதிலிருந்து வடிந்த தண்ணீர் பிளைவுட்டில் குளம் கட்டியிருந்தது.

"இது யாருக்க குடை?"

"அதா? விஜயலக்ஷ்மி மேடத்துக்க. மறந்திட்டுப் போயிட்டாவ போல." துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "நாகர்கோவில் பாசஞ்சர்ல தினமும் வந்து போறவங்க. பஸ் கிடைச்சு தம்பானூர் ஸ்டேஷன் போய்ச் சேருமுந்தி வண்டி விட்டிருவான். போற வழிதானேன்னு இறக்கி விடுகேன்."

"தினமுமா?"

"ஒரு வாரமாத்தான். முந்தி எப்படி ஏத்த முடியும்? அவங்க பையும் டிபன் கேரியரும் எங்க வைக்கது? இப்பம் பெட்டி இருக்குல்லா."

அவள் குடையை வாளியில் நிமிர்த்தி வைத்தாள். காப்பி போட்டாள். சர்க்கரை போட மறந்தது அவன் முகத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

மறுநாள் பகலில் அவள் மனம் ஸ்டாச்சூவிலிருந்து தம்பானூர் வரை போய்ப் போய்த் திரும்பியது. அந்த ரோடு ஆயுர்வேதக் கல்லூரியிலிருந்து ஓவர்பிரிட்ஜ் வரைக்கும் ஒரே இறக்கம். ரோட்டின் இறக்கம் ஒன்று, சீட்டின் இறக்கம் ஒன்று. இரண்டும் சேரும். வழியில் எத்தனை பஸ் குறுக்கே நிற்கும், எத்தனை இடத்தில் பிரேக் போடுவான்? அவள் கணக்குப் போட விரும்பவில்லை. கணக்கு தானாக ஓடியது. மழையில் ரெக்ஸின் ஈரமாக இருக்கும். அந்த விஜயலக்ஷ்மி என்ன புடவை கட்டுவாள்?

சாயங்காலம் புதிதாகத் துவைத்த காட்டன் புடவையைக் கட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, தம்பானூருக்கு நடந்தாள். ஆபீஸில் கொடுத்துவிடுகிறேன் என்று அவன் காலையில் சொன்னபோது, எனக்கும் அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கு என்று சொல்லியிருந்தாள். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ வரிசைக்குப் பின்னால் நின்றாள்.

யமஹா சத்தம் முதலில் வந்தது. அப்புறம் வண்டி. பின்னால், உயரத்தில், நைலக்ஸ் புடவை கட்டிய ஒருத்தி. முப்பது வயதிருக்கும். நெற்றியில் சின்னப் பொட்டு, தோளில் பை இல்லை, மடியில் ஒன்றுமில்லை. வாசலில் அவன் பிரேக் போட்டான். அவள் சறுக்கி முன்னால் வந்தாள். கை அவன் தோளில் விழுந்தது. என்னவோ சொன்னாள். அவன் சிரித்தான்.

இதைக் கற்பனையில் செண்பகவல்லி பலமுறை பார்த்துவிட்டாள். நேரில் பார்த்தபோது அது அதைவிடச் சின்னதாகவும் சாதாரணமாகவும் இருந்தது. அதனாலேயே தாங்க முடியவில்லை.

"அட, நீ வந்திட்டியா?" என்றான் தாணுமாலையன். முகத்தில் எந்தத் திருட்டும் இல்லை.

"நீங்கதான் செண்பகவல்லியா!" விஜயலக்ஷ்மி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். வடிவீஸ்வரம் அக்கிரகாரத்துப் பேச்சு. "சார் வாயத் தொறந்தா உங்க பேச்சுதான். பெட்டி உங்க ஐடியாவாமே? என்ன மூளைம்மா உங்களுக்கு! பை, டிபன் எல்லாம் உள்ளே போயிடறது. கை ரெண்டும் ஒழிஞ்சு போச்சு பாருங்கோ."

"ஆமா," என்றாள் செண்பகவல்லி.

"ஆனா ஒரே சறுக்கல்! சார் பிரேக்க தொட்டா நான் அவர் முதுகுலதான் போய் நிக்கறேன். ஒருநாள் அவரையும் தாண்டி ஹாண்டில் பார்ல ஒக்காந்துடுவேன் போலருக்கு!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். அவனும் சிரித்தான். ஆட்டோக்காரர் ஒருவர்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

செண்பகவல்லி குடையை நீட்டினாள். "காய வெச்சிருக்கேன்."

"ஐயோ, தேங்க்ஸ். பாசஞ்சர் வந்துடும், வரட்டுமா?" என்று அவள் ஓடினாள். நல்லவளாகத்தான் இருந்தாள். கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

வீட்டுக்குத் திரும்பச் செண்பகவல்லி ஏறி உட்கார்ந்தாள். சீட்டில் சூடு இருந்தது. வெயில் இல்லாத நாள், அது மற்றவள் உட்கார்ந்திருந்த சூடு. வலியசாலை வரைக்கும் பின்கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். மணிக்கட்டு வலித்தது.

"என்ன, இன்னைக்கு தள்ளி இருக்க?"

"ஒண்ணுமில்ல."

அடுத்த நாள் மழை பலமென்று அவன் பஸ்ஸில் போயிருந்தான், வண்டி வீட்டில் நின்றது. அவள் சீட்டைக் கழற்றி உள்ளே கொண்டுவந்தாள். பின்பக்கத்துக்கு அடியில் பலகை வைத்து அதே சரிவில் நிறுத்தினாள். குழவிக்கல்லைத் தன் காட்டன் புடவையில் சுற்றி வைத்தாள். அது அசையாமல் கிடந்தது, லேசாக ஆட்டினால்தான் நகர்ந்தது. பிறகு கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த நைலக்ஸ் புடவையில் சுற்றி வைத்தாள். கையை எடுத்த மாத்திரத்தில் வழுக்கிக்கொண்டு போய்த் தரையில் இடித்தது.

"உள்ள என்ன பிள்ளே இடிக்கது?" என்று சுவருக்கு அப்பாலிருந்து பொன்னம்மை கேட்டாள்.

"குழவி விழுந்திட்டு, அக்கா."

"குழவிக்கு என்ன, நடக்கவா செய்யும்?"

அவள் தரையில் உட்கார்ந்து புடவை கட்டிய குழவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியை எடுத்துவிடலாம். சீட் பழையபடி மட்டமாகிவிடும், விஜயலக்ஷ்மியின் டிபனுக்கு இடமிராது, பஸ்ஸைப் பிடித்துப் போவாள். ஆனால் பைலும் சேனைக்கிழங்கும் மறுபடி இவள் மடிக்கு வரும். கை மறுபடி கட்டுப்படும். பெட்டி இருந்தால் இரண்டு பேரும் சறுக்கலாம். பெட்டி போனால் இரண்டு பேருக்கும் அது கிடையாது. தனக்கு மட்டும் சறுக்குகிற சீட் ஒன்றை எந்தப் படிப்பும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

அன்று சாயங்காலம் கேட்டே பார்த்தாள்.

"அந்தப் பெட்டிய எடுத்திருவோமா?"

"எதுக்கு? ஆபீஸ்ல எல்லாவனும் மூக்கில விரல வெக்கான். அக்கவுண்ட்ஸ்ல நாயர் அளவு கேட்டிருக்காரு. நீ பண்ணினதுல்லா?"

நாம் பண்ணினது என்று அவன் சொல்லவில்லை. நீ என்றான். காரணத்தைச் சொல்லலாம். சொன்னால் அவன் சிரிப்பான், அந்தச் சிரிப்பு அவளுக்கு இப்போதே காதில் கேட்டது. அதைவிட மோசம், சிரிக்காமல் யோசிக்கத் தொடங்கலாம். இதுவரை அவன் நினைத்தே பார்க்காத ஒன்றை அவளே எடுத்து அவன் கையில் கொடுத்ததுபோல் ஆகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை சாலைக் கடையில் தடிமனான டர்க்கி டவல் ஒன்று வாங்கினாள். சீட்டின் மேல் போட்டு, அளவெடுத்து, ஓரத்தில் எலாஸ்டிக் வைத்துத் தைத்தாள். ஊசி ஒவ்வொரு முறை இறங்கும்போதும் பல்லைக் கடித்தாள். போட்டுவிட்டு, நைலக்ஸ் சுற்றிய குழவியை வைத்துப் பார்த்தாள். ஒட்டிக்கொண்டு நின்றது. தள்ளினாலும் நகரவில்லை.

"மழையில நனைஞ்சா காயாதே," என்றான் அவன்.

"கழட்டிப் பெட்டிக்குள்ள போட்டுக்கிடலாம்."

"இது எதுக்காக்கும் இப்பம்?"

"அவங்க விழுந்திருவாங்கன்னு சொன்னாங்கல்லா."

அவன் அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். "ஒனக்கு நல்ல மனசு பிள்ளே," என்றான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்துச் செய்தி வந்தது. "விஜயலக்ஷ்மி மேடத்துக்கு பெரிய நிம்மதி. இருந்த எடத்தில இருக்கேன், சோபாவில ஒக்காந்த மாதிரி இருக்குன்னாவ. ஒனக்கு தேங்க்ஸ் சொல்லச் சொன்னாவ."

அவள் எதிர்பார்த்த மகிழ்ச்சி வந்தது. வந்து, வாசலில் நின்றுவிட்டுப் போய்விட்டது. நிம்மதியாமே. அப்படியானால் இத்தனை நாளும் அவள் உண்மையிலேயே பயந்துதான் பிடித்தாளா? அப்படியே இருக்கட்டும். பயந்து பிடித்தாலும் பிடித்தது பிடித்ததுதான்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் லீவு, பாளையம் மார்க்கெட்டுக்குப் போனார்கள். காய், தேங்காய், மற்றதெல்லாம் பெட்டிக்குள் போயிற்று. திரும்பும்போது மழை விட்டிருந்தது. அவள் ஏறி உட்கார்ந்தாள். டவல் அவளைப் பிடித்துக்கொண்டது.

ஆயுர்வேதக் கல்லூரி தாண்டி இறக்கம் தொடங்கியது. ஒரு பஸ் நின்றது, அவன் பிரேக் போட்டான். அவள் உடம்பு முன்னால் குனிந்து, திரும்பவும் தன் இடத்துக்கே வந்தது. ஓர் ஆட்டோ குறுக்கே வந்தது, மறுபடி பிரேக். ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அவ்வளவு நன்றாகத் தைத்திருந்தாள். நடுவில் பழைய ஒரு சாண் இடைவெளி. அதில் காற்று போய்க்கொண்டிருந்தது. மடி காலி, கைகள் காலி, விழுவதற்கு ஒரு வழியும் இல்லை.

இதே இறக்கத்தில் இன்னொருத்திக்கும் இப்போது இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். அது கொஞ்ச தூரத்துக்கு உதவியது. ஓவர்பிரிட்ஜ் வரைக்கும். அதற்கப்புறம் உதவவில்லை. அவளுக்குப் பாசஞ்சரைப் பிடித்தால் போதும். தனக்கு?

பஸ் ஸ்டாப்பில் கூட்டம் நின்றது. அதில் தெரிந்த முகம் ஒன்றிரண்டு இருக்கலாம். பட்டப்பகல். பிரேக் இல்லை, பள்ளம் இல்லை, வளைவு இல்லை. நேரான ரோடு. சொல்லிக்கொள்ள ஒரு சாக்கும் இல்லை. காதுமடல் சூடாவதை உணர்ந்தாள்.

கையைத் தூக்கி அவன் தோளில் வைத்தாள்.

அவன் லேசாகத் தலையைத் திருப்பினான். "என்ன, சரியுதா?"

"இல்ல."

சீறிப் போகிற வண்டி மெதுவாயிற்று. பின்னால் வந்த கார் ஹாரன் அடித்துத் தாண்டிப் போனது. அவள் கையை எடுக்கவில்லை.