மே மாதத்து ஏவாள்

1

பிரான்சின் ரூவான் நகரில் நான் வேலை பார்க்கும் நூலகத்துக்கு ஐந்நூறு வருடப் பழைய, கையால் வரைந்த ஒரு ஜெபநூல் வந்தது. முன்பகுதியில் நாட்காட்டி: மாதத்துக்கு ஒரு ராசி, ராசிக்கு ஒரு வேதாகமக் காட்சி. மே மாதத்து மிதுனத்தோடு ஆதாமும் ஏவாளும் அத்திப்புதருக்குப் பின்னால் நின்றார்கள். ஏவாளுக்கு முகம் இல்லை. முத்தமிட்டுத் தேய்ந்ததா, கத்தியால் சுரண்டியதா, வரையவே இல்லையா, சொல்ல முடியவில்லை. அங்கிருந்துதான் இந்தக் கதை. மீதி என் கற்பனை.

2

'அன்று மழை பெய்துகொண்டி—'

(வேண்டாம். ரூவானில் என்றுதான் பெய்யவில்லை?)

'துணி வணிகன் கோலார் தன் மனைவியை மிகவும் நேசி—'

(இதுவும் வேண்டாம். எனக்கு எப்படித் தெரியும்?)

இப்படித் தொடங்குகிறேன். கோலாரும் அவன் மனைவி பெரோனும் கல்யாணமான வருடம் ஓர் ஓவியப் பட்டறையில் ஜெபநூலுக்குச் சொல்லிவைத்தார்கள். ஆதாம் ஏவாளுக்குத் தங்கள் முகம் வேண்டும் என்று கேட்டார்கள்.

“அம்மணமாவா நிக்கணும்?” என்றான் கோலார்.

“புதர் பெருசா இருந்தா போதும். உங்களுக்கு இன்னும் கொஞ்சம் பெருசா,” என்றாள் பெரோன். ஓவியக்காரி இசபோ தூரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

அந்தப் பட்டறையில் உடல்களை முதலில் முடிப்பார்கள். முகங்கள் கடைசியில், ஆளை எதிரே உட்காரவைத்து. கோலார் முதலில் வந்து உட்கார்ந்தான். பெரோனை ஈஸ்டர் கழித்து வரச் சொல்லியிருந்தாள் இசபோ. அதற்கு முன்பே, தவக்காலத்துக் காய்ச்சலில் பெரோன் இறந்துபோனாள். ஓவியத்தில் ஆதாம் மட்டும், ஏவாளின் முகம் வரவேண்டிய வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

3

கோலாரின் அக்கா மரோய் அவனைப் பட்டறைக்கு இழுத்து வந்தாள்.

“செப்டம்பர்ல மிக்கேல் திருநாளுக்குள்ள புதுப்பொண்ணு வந்துருவா. அவ மூஞ்சியப் போட்ரும்மா.”

“அக்கா, நான் இன்னும் சரின்னு சொல்லல.”

“நீ எதுக்குத்தான் சரின்னு சொல்லியிருக்க? சோத்துக்காவது சொன்னியா?”

(முதலில் மரோயைக் கெட்டவளாக எழுதினேன். அடித்துவிட்டேன். தம்பி சாப்பிட்டானா என்று கதவிடுக்கில் பார்த்துவிட்டுப் போகிறவள் அவள். அப்படிப்பட்டவர்கள்மேல் கோபப்படுவது கஷ்டம்.)

“மாதிரித்தாள்ல ஒரு முகம் இருக்குங்கய்யா. ஆகஸ்டுல கன்னி ராசிக்கும் மாதாவுக்கும் அதுதான். அதையே போட்டுரட்டுமா?” என்றாள் இசபோ.

“வேண்டாம். பெரோன் முகம்தான்,” என்றான் கோலார்.

“நான் அந்த அம்மாவ ஒருதரம்தான் பாத்தேன். என்னைச் சிரிக்க வெச்சது ஞாபகம் இருக்கு, முகம் இல்ல. நீங்க சொல்லுங்க, நான் போடுறேன். புருவம் வளைவா, நேரா?”

கோலார் வாயைத் திறந்தான். காய்ச்சலில் வெடித்த உதடு நினைவுக்கு வந்தது. மூடிய இமைகள் வந்தன. அதற்கு முந்திய முகம் வரவில்லை.

“தம்பி?” என்றாள் மரோய். அவள் குரல் இறங்கியிருந்தது.

4

முடிவுகள்.

அ) அவன் தோன்றியதைச் சொல்கிறான். இசபோ வரைகிறாள். யாரோ ஒருத்தி. வருடம்தோறும் மே மாதத்தில் அவளைப் பார்த்து ஜெபிக்கிறான். கொஞ்ச நாளில் பெரோனுக்கே அந்த முகம்தான் என்று ஆகிவிடுகிறது. (இதுதான் எனக்குப் பயம்.)

ஆ) புதுப்பெண் வந்து உட்காருகிறாள். கூச்சத்தோடு, “அவங்க எப்படி இருப்பாங்க?” என்று கேட்கிறா—

இ) “அப்படியே விட்ருங்க,” என்கிறான். ஆதாம் காலமெல்லாம், வரையாமல் விட்ட வெறும் தோல்தாளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

மூன்றையும் முழுசாக எழுதிப் பார்த்தேன். மூன்றையும் கிழித்தேன். யாருடைய முகத்தையாவது நீங்கள் நாள்தோறும் பார்த்திருப்பீர்கள். அதனால் முடிவை உங்களிடம் விடுகிறேன். இசபோ சாயம் கலக்கும் சிப்பியோட்டில் தோல்நிறத்தைக் குழைத்துவிட்டாள். அது சீக்கிரம் காய்ந்துவிடும்.

“சொல்லுங்கய்யா,” என்கிறாள். “வளைவா, நேரா?”