அறுபத்து நான்காம் படி

சுப்புத்தாய்க்குத் தன் தங்கை அழகுமீனா என்ன வேலை பார்க்கிறாள் என்பது சரியாகப் பிடிபட்டதே இல்லை. விருதுநகரில் இக்பால் நடத்தும் சின்னக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை என்று யார் கேட்டாலும் சொல்லி வைப்பாள். ஒருநாள் அழகுமீனா சுவரிலிருந்த ஃபேன் ரெகுலேட்டரைக் காட்டி விளக்கினாள்.

"இந்தக் குமிழை நீ கையால திருப்புற. இதே மாதிரி ஒண்ணு சின்ன சிப்புக்குள்ள இருக்கு. டிஜிட்டல் பொட்டென்ஷியோமீட்டர்னு பேரு. அதைக் கம்ப்யூட்டர்தான் திருப்பணும். எப்படித் திருப்பணும்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் குடுக்க ஒரு டிரைவர் வேணும். அதைத்தான் நான் எழுதுறேன்."

"டிரைவரா? அப்ப உங்க மாமாவை மாதிரி லைசென்ஸ் வச்சிருக்கியா?" என்று சுப்புத்தாய் சிரித்தாள். அவள் கணவர் நாகையா லோடு ஆட்டோ ஓட்டுகிறார்.

சுப்புத்தாய் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கும் அறையில் வேலை பார்த்தாள். வெயில் காலத்தில் காற்று காய்ந்துவிட்டால் மனித உடம்பிலேயே மின்சாரம் ஏறி நிற்கும். ஒரு பொறி போதும். அதனால் அறைக்குள் போகுமுன் எல்லோரும் ஒரு தாமிரத் தகட்டைத் தொட்டு அதை இறக்கிவிட வேண்டும். தொட்டும் முழுதாக இறங்காமல் போவது உண்டு என்று அக்கா ஒருமுறை சொன்னதிலிருந்து அழகுமீனாவுக்கு மனசு கேட்கவில்லை. உடம்பில் மிச்சமிருப்பதை அளந்து சொல்லும் ஒரு பெட்டி செய்யலாம் என்று இக்பாலிடம் அவள்தான் கேட்டாள்.

செய்தார்கள். தகட்டோடு இணைத்த பெட்டி. பச்சை எரிந்தால் உள்ளே போகலாம். அளவு மீறினால் சிவப்பு எரிந்து அலறும். எந்த அளவில் அலற வேண்டும் என்பதை அந்தச் சிப்புக்குள் இருக்கும் குமிழ் தீர்மானித்தது. அதற்கு நூற்று இருபத்தெட்டுப் படிகள். பல வாரம் சோதித்து இருபதாம் படியில் வைத்தார்கள். படி ஏற ஏறப் பெட்டிக்குச் சொரணை குறையும்.

ஐந்து கம்பெனிகளில் பெட்டியை மாட்டினார்கள். நாரணாபுரத்தில் அதற்குக் காவல் சுப்புத்தாய்தான். "என் தங்கச்சி செஞ்ச பெட்டி. தொடாம ஒருத்தியும் உள்ள போகக் கூடாது" என்று வாசலில் நின்று மறிப்பாளாம்.

பங்குனியில் ஒரு வியாழக்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு அந்த அறை வெடித்தது. சுப்புத்தாய் மட்டுமே உள்ளே இருந்தாள். மற்றவர்கள் இன்னும் வாசலுக்கு வரவில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் அவளுக்கு நினைவு இருந்தது. உடம்பெல்லாம் துணி சுற்றியிருக்க, உதடு மட்டும் அசைந்தது.

"பெட்டியைத் தொட்டுட்டுத்தான் மீனா போனேன். பச்சைதான் எரிஞ்சுச்சு. உன் மேல தப்பு இல்ல. யாரும் ஏதும் சொன்னா நீ மனசுல வச்சுக்காத."

"பேசாத அக்கா. சும்மா படு."

"ஹர்ஷினிக்குப் பரீட்சை. அவளை இங்கன கூட்டிட்டு வராதீக."

மறுநாள் மதியம் அவள் இறந்துபோனாள். ஒன்பதாம் வகுப்பில் இருந்த மகள் ஹர்ஷினியை அதற்குப் பிறகுதான் கூட்டி வந்தார்கள்.

விசாரணைக்கு வந்தவர்கள் உராய்வினால் விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். வாசல் சுவரோடு சாய்ந்து கிடந்த பெட்டியை யாரும் கேட்கவில்லை. அழகுமீனாவுக்கு மட்டும் "பச்சைதான் எரிஞ்சுச்சு" என்ற சொல் காதைவிட்டுப் போகவில்லை. எட்டாம் நாள் அவள் பெட்டியை வாங்கிவந்து உள்ளிருந்த மெமரி கார்டைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டாள். நடந்ததையெல்லாம் பெட்டி நேரத்தோடு குறித்து வைத்திருந்தது.

எட்டு பன்னிரண்டுக்கு மின்சாரம் போயிருக்கிறது. எட்டு பதினைந்துக்கு வந்திருக்கிறது. அதற்குப் பிறகு குமிழ் இருந்த படி: அறுபத்து நான்கு. எட்டு முப்பத்தாறுக்கு ஒரு கை தகட்டைத் தொட்டிருக்கிறது. அளவு நாற்பத்தொன்று; இருபதைத் தாண்டியது, அறுபத்து நான்கைத் தாண்டாதது. பச்சை.

மின்சாரம் போய் வந்தால் அந்தச் சிப் எல்லாவற்றையும் மறந்து குமிழை நடுவில் கொண்டுபோய் வைத்துக்கொள்ளும். பழைய படிக்குத் திருப்புவது டிரைவரின் பொறுப்பு. அதை அவள் எழுதித்தான் இருந்தாள். ஆனால் சிப் விழிக்கச் சில நொடித்துளிகள் வேண்டும். அதற்குள் டிரைவர் கட்டளையை அனுப்பிவிட்டது. சிப் வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கிக்கொண்டதா என்று அவள் திரும்பிப் பார்க்கும்படி எழுதவில்லை. கம்பெனி மேஜையில் சிப்புக்குத் தனியாக மின்சாரம் கொடுத்தே சோதித்ததால் அது எப்போதும் விழித்தேயிருந்தது. ஒருமுறைகூடத் தவறு தெரியவில்லை.

அவள் திரையைக் காட்டியபோது இக்பால் அந்த வரிகளை இரண்டு முறை படித்தான்.

"உராய்வுன்னு எழுதிட்டாக, மீனா. நீயா போய் ஏன் இழுத்து விட்டுக்கிற? அக்காவைப் பறிகொடுத்தவ நீ."

"மத்த நாலு கம்பெனியிலயும் இப்ப கரண்டு போய் வந்தா?"

இக்பால் அவளைப் பார்த்தான். பிறகு எழுந்து வண்டிச் சாவியை எடுத்தான். பொழுது சாய்வதற்குள் நாலு பெட்டிகளையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு முதலாளியிடமும் காரணத்தைத் தானே சொல்லிவிட்டு வந்தான். "சோதிச்சது சரின்னு கையெழுத்துப் போட்டவன் நான்தான்" என்றான். விசாரணை அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் இருவரும் கையெழுத்திட்டார்கள்.

நாகையாவிடம் அவள் தனியாகப் போனாள். அவர் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். "வா தாயி, சாப்பிட்டியா?" என்று கேட்டார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். குழாயை அடைக்காமல் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் தெருவில் ஓடியது.

"பெட்டி சரியா இருந்திருந்தா?"

"அலறியிருக்கும் மாமா. அக்கா திரும்ப வந்து தொட்டிருக்கும்."

"நீ எழுதாம விட்டது எம்புட்டு இருக்கும்?"

"ரெண்டு வரி."

அவர் குழாயை அடைத்தார். 

"தினமும் அதைத் தொடும்போது உன் பேரைச் சொல்லிட்டுத்தான் போவாளாம். கூட வேலை பாத்தவக சொன்னாக."

அழகுமீனா அழவில்லை. அழுதால் அவர் ஆறுதல் சொல்ல வேண்டிவரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நீ போ தாயி. கோவத்துல சொல்லல. உன் முகத்துல அவ சாடை இருக்கு. என்னால பாக்க முடியல. நானா கூப்பிடுறவரைக்கும் வராத. பிள்ளைகிட்ட இதைச் சொல்லவும் செய்யாத."

அவள் போய்விட்டாள்.

அந்த வாரமே டிரைவரைத் திருத்தினாள். சிப் விழிக்கும்வரை காத்திருக்கவும், எழுதியதைப் படித்துச் சரிபார்க்கவும், தவறினால் சிவப்பு எரிந்தபடியே இருக்கவும் வைத்தாள். அவள் முன்பே பொதுவில் கொடுத்திருந்த அந்த டிரைவரை வேறு நாடுகளிலும் எடுத்துப் பயன்படுத்தினார்கள் என்பதால், திருத்தத்தைக் கர்னல் என்னும் கம்ப்யூட்டரின் அடிப்படை மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினாள். காரணம் எழுதும் இடத்தில், இந்தத் தவறால் ஒரு பெண் இறந்துபோனார் என்று ஒரு வரி சேர்த்தாள். அழித்தாள். மறுபடி எழுதி அனுப்பினாள். இரண்டு நாள் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது: நன்றி, சேர்த்துக்கொண்டோம்.

சித்திரையில் ஒருநாள் காலை ஹர்ஷினி போன் செய்தாள்.

"பரீட்சை முடிஞ்சிருச்சு சித்தி. நீங்க எப்ப வாரீக?"

"அப்பா கூப்பிடச் சொன்னாரா?"

"இல்ல. அப்பா லோடு எடுத்துட்டுக் காரியாபட்டி போயிருக்காக. நானாத்தான் பேசுறேன்."

"கொஞ்சம் வேலை கிடக்குத்தா. முடிச்சிட்டு வாரேன்."

"எம்புட்டு நாள் ஆகும்?"

நாகையா கூப்பிடும் நாள் எது என்று அழகுமீனாவுக்கே தெரியாது. மறுமுனையில் பிள்ளை போனைப் பிடித்தபடி காத்திருந்தாள். 

"சரி சித்தி. சோறு வெந்திருச்சு, வடிக்கணும்" என்று சொல்லிவிட்டு ஹர்ஷினி போனை வைத்தாள்.