எண்ணிப் பார்த்த ஷமீமா டீச்சர்

பந்தல்குடிப் பள்ளியில் கணக்கு டீச்சரான ஷமீமாவிடம்தான் அண்ணன் காஜாமைதீன் மேடைப் பேச்சை ஒப்படைத்தான். அருப்புக்கோட்டை ஜமாத் மண்டபத்தில் குர்ஆன் கண்காட்சி.

"குர்ஆன்ல 'நாள்'ங்கிற சொல்லு சரியா 365 தடவ வருது. வருசத்துக்கு எத்தன நாளோ அத்தன! நீ சொன்னா ஜனங்க நம்பும்" என்றான். அதையே போட்டுப் பேனரும் அடித்து வந்துவிட்டது.

சிறுவயதிலிருந்து அவள் கேட்டுச் சிலிர்த்த செய்திதான். இருந்தாலும், மேடை ஏறுமுன் எண்ணிவிடலாமென்று குர்ஆன் சொற்கள் வரும் இடங்களையெல்லாம் பட்டியலிடும் அரபுச் சொல்லகராதியைத் திறந்தாள். எண்ணிக்கை அதிகமாக வந்தது. பன்மையை விட்டாள், 'இரண்டு நாள்' என்பதையும் விட்டாள். 'அந்நாளில்', 'உங்கள் நாள்', 'அவர்களின் நாள்' எல்லாவற்றையும் தள்ளிய பிறகுதான் 365 வந்தது. ஏன் தள்ள வேண்டும்? 365 வர வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை. அண்ணனிடம் போய்ச் சொன்னாள்.

காஜாமைதீன் கொதித்தான். "ஊரு முன்னாடி மானத்த வாங்கப் போறியா?"

"அல்லா பேரச் சொல்லி இழுத்து வளச்ச கணக்க என்னால சொல்ல முடியாதுண்ணே."

தங்கைக்குப் புத்தி சொல்லட்டுமென்று பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத்திடம் அழைத்துப் போனான். ஷமீமா அண்ணன் அடித்த கண்காட்சி நோட்டீஸை எடுத்து நீட்டினாள்.

"ஹஜ்ரத், இதுல 'திருநாள்'ல வர்றத மட்டும் விட்டுட்டா, 'நாள்' ஏழு தடவ வருது. வாரத்துக்கு ஏழு நாளு. அண்ணனோட நோட்டீஸும் அற்புதமா?"

ஹஜ்ரத் வாய்விட்டுச் சிரித்தார். "தானா நிக்கிற வேதத்துக்கு நம்ம எதுக்கும்மா முட்டுக் குடுக்கணும்? இதையே மேடையில சொல்லு."

சொன்னாள்.  முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். "அப்ப எங்க ஈமான், எங்க நம்பிக்க என்னம்மா ஆகுறது?"

"நீங்க எண்ணிப் பாத்துத்தான் ஈமான் கொண்டீகளா? தொழுகையில கண்ணு கலங்குதே, அது எந்தக் கணக்குல வருது?"

 அவர் மெல்லத் தலையசைத்து, "மாஷா அல்லாஹ்" என்றார். பெண்கள் பக்கமிருந்து அந்தச் சொல் அலையாக எழுந்து மண்டபத்தை நிறைத்தது. காஜாமைதீன் நாற்காலிமேல் ஏறினான். எல்லோரும் பார்க்கத் தன் கையாலேயே பேனரை அவிழ்த்து இறக்கினான். 

அதற்குள் கல்லூரிப் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "டீச்சர், குர்ஆன்ல எல்லாம் பத்தொம்பதால வகுபடும்னு ஒரு கணக்கு சொல்றாகளே, அது நெசமா?"

"எனக்கும் தெரியல" என்று சிரித்தபடி அவள் சொல்லகராதியை மேசைமேல் விரித்தாள். "வாங்க, எண்ணிப் பாப்போம்."