விலைக்கு வாங்கிய ஞாயிறு

பரமானந்தத்தின் பெண்டாட்டி அடைக்கலமேரி வாரத்தில் மூன்று நாள் பஸ்ஸைத் தவறவிடுவாள். அவள் தவறவிடுகிற நேர்த்தியே தனி. கொடைக்கானல் பஸ் நிலையத்துக்கு நாலேகாலுக்கே வந்துவிடுவாள். நாலரை பஸ்ஸில் ஆள் ஏறுவதைப் பார்ப்பாள், கண்டக்டர் விசில் ஊதுவதைப் பார்ப்பாள், பஸ் வளைவில் திரும்பி மறைகிறவரை பார்ப்பாள். சுத்தமாகத் தவறவிட்டாயிற்று என்று தெரிந்த பிறகுதான் இடத்தைவிட்டு நகர்வாள்.

நாலரை பஸ் அவள் வீடு இருக்கிற பெருமாள்மலைக்கு ஐந்து மணி பத்து நிமிஷத்துக்குப் போய்ச் சேரும். அடுத்த பஸ் அஞ்சேகாலுக்குக் கிளம்பி ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேரும். அந்த இரண்டாவது பஸ்ஸில் வந்தவளாகத் தன்னைக் காட்டிக்கொண்டால் பெரிதாகக் கேள்வி கிடையாது. ஆகவே மேரி நாலரைக்குக் கிளம்பி, பன்னிரண்டு கிலோமீட்டர் மலைச்சாலையை ஓடியே இறங்குவாள். பெருமாள்மலை நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் மாதா கெபிச் சுவரின் மறைவில் நின்று மூச்சை அடக்குவாள், முகத்தைத் துடைப்பாள், பஸ் வந்து நின்றதும் இறங்குகிற கூட்டத்தோடு கலந்து வீட்டுக்கு நடப்பாள்.

மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றின் ஹாஸ்டலில் அவளுக்குச் சலவை வேலை. எண்பத்து நான்கு பிள்ளைகளின் விரிப்பு, தலையணை உறை, இரவுச் சட்டை. வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஒரு புருஷன், அவனுடைய அக்கா இசபெல்லா. அங்கே மேட்ரன் 'மேரி' என்பாள், இங்கே நாத்தனார் 'ஏ மேரி' என்பாள். இரண்டுக்கும் நடுவே யாரும் கூப்பிடாத எண்பது நிமிஷம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இளையவனுக்குக் காய்ச்சல் என்று ஆள் சொல்லிவிட்ட அன்று நிஜமாகவே பஸ் போய்விட்டது, பதறிப்போய் ஓடினாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பையன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். காய்ச்சல் போய்விட்டது, ஓட்டம் ஒட்டிக்கொண்டது.

ஊருக்குப் போன மாணவி ஒருத்தி அலமாரியில் விட்டுச்சென்ற கேன்வாஸ் செருப்பு அவளுக்குச் சரியாக இருந்தது. கிழிந்த விரிப்பில் பட்டை கிழித்து இடுப்பில் இறுக்கி, சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொள்வாள். "ஏன் பஸ் போச்சு?" என்று இசபெல்லா கேட்டால் "விரிப்பு காயல மதினி" என்பாள். கொடைக்கானலில் எந்த மாதமும் சொல்லக்கூடிய பொய் அது ஒன்றுதான்.

எண்பத்தொன்றாம் வருஷம் புரட்டாசிக் கடைசியில் செண்பகனூர் வளைவில் ஒரு ஜீப் அவளைக் கடந்துபோய், நின்று, பின்னால் வந்தது. ஓட்டி வந்தவள் பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கிற ஹெலன் மிஸ், அமெரிக்கக்காரி.

"மேரி, நீ வெரி வெல் ஓடுறே. எவ்வளவு தூரம்?"

"வீடு வரைக்கும் மிஸ்."

"வீட்டுக்கு ஓடுறியா? டெய்லியா?"

"பஸ் போயிடுது மிஸ். வாரத்துல மூணு நாளு போயிடும்."

ஹெலன் மிஸ் சிரிக்கவில்லை. மறுநாள் சலவைக்கூடத்துக்கே வந்து விஷயத்தைச் சொன்னாள். காலையில் பெண் பிள்ளைகளோடு கூடவே ஓடுவதற்கு உள்ளூர் ஆள் ஒருத்தி வேண்டும் என்று அவள் பிரின்சிபாலிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சலவைக்காரியைச் சொன்னால் பிரின்சிபால் மூக்கைச் சுளிப்பார். ஆனால் நவம்பர் இரண்டாவது ஞாயிறு ஏரியிலிருந்து தூண்பாறை சுற்றிப் பன்னிரண்டு மைல் பந்தயம் இருக்கிறது. உள்ளூர்க்காரர்களும் ஓடலாம். அதில் பெண்களில் முதலாவதாக வந்துவிட்டால் மூக்கைச் சுளிக்க முடியாது. ஐப்பசியில் மலைமேல் பந்தயம் வைக்கிற யோசனை அமெரிக்கக்காரிக்குத்தான் வரும். மேரி அதைச் சொல்லவில்லை. அவள் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று: ஓடுவதே வேலை. பொய் வேண்டாம், சுவர் மறைவு வேண்டாம், ஓடினதற்குப் பதில் சொல்லவும் வேண்டாம்.

அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் தவறவிட பஸ் கிடையாது. காலையில் பூசை, பிறகு கறி எடுத்துச் சமையல், மத்தியானம் பரமானந்தத்தோடு சாப்பிட நாலைந்து வியாபாரிகள். திருடி எடுக்க முடியாத நாள். கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கேட்கிற ஆளோ தரகன். மலையில் விளையும் பேரிக்காயையும் மேரக்காயையும் தோட்டக்காரனிடம் மடக்கி, ஒட்டன்சத்திரம் சந்தைக்கு லாரி ஏற்றிவிடுகிறவன். அந்த வீட்டில் பதினோரு வருஷம் சோறு பொங்கியவளுக்குத் தொழிலின் பாலபாடம் தெரியாதா? வேண்டிய கூடையைப் பார்க்காதே, பக்கத்துக் கூடையைப் பார். முதலில் வாயைத் திறப்பவன் தோற்றவன். எல்லாம் தெரியும். தெரிந்தும் பந்தயத்துக்கு முந்தின புதன்கிழமை ராத்திரி, சோற்றுக் கரண்டி கையிலிருக்க, "என்னங்க, எனக்கு வார ஞாயித்துக்கிழமை வேணும்" என்று ஆரம்பித்து, செருப்பு முதல் சுவர் மறைவு வரை ஒன்று பாக்கியில்லாமல் கொட்டிவிட்டாள்.

இசபெல்லா வாயில் வைத்த கவளத்தை மெல்லாமல் கேட்டாள். பரமானந்தம் நிதானமாக ஒரு மிளகாயைக் கடித்தான்.

"எனக்கு ரெண்டு வருசமாத் தெரியும் பிள்ளே."

மேரிக்குக் கரண்டி கனத்தது.

"லாரிக்கார ராமர்தான் சொன்னான். 'அண்ணாச்சி, ஒங்க வீட்டம்மா உசிரக் கையில பிடிச்சிட்டு ஓடுறாங்க, ஆனா பின்னால தொரத்துற ஆளத்தான் காணல'ன்னான்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா என்ன கெடைக்கும்? நீ அழுவே, நிறுத்திருவே. அவ்வளவுதானே. ஒரு நாளு நீயா எங்கிட்ட எதையாச்சும் கேட்டு வருவே, அப்ப ஒதவும்னு வச்சிருந்தேன்."

"விரிப்பு காயலையாம் விரிப்பு. சித்திரை வெயில்லயுமா காயல?" என்றாள் இசபெல்லா. "பிள்ளைக பசியோட வாசலப் பாத்துட்டு ஒக்காந்திருக்கும். வெரசா வாடின்னு நான் தொண்டை வத்திக் கத்துனதுதான் மிச்சம்."

"நீ சும்மா இரு அக்கா. யாவாரம் நடக்குது" என்றான் தம்பி.

அவன் கேட்டதில் ஒளிவுமறைவு இல்லை. ஞாயிறு வேண்டுமா, எடுத்துக்கொள். விடியற்காலையிலிருந்து மத்தியானம் வரை யாரும் உன்னை ஒரு வேலை ஏவ மாட்டார்கள். அதற்கு ஈடாக வாரத்தில் மூன்று நாள் சாயங்கால ஓட்டத்தை இனி என்றைக்குமாக விட்டுவிடு. நாலரை பஸ்ஸில் வீடு வந்து சேர். சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் கைமேல் போட்டான். பிள்ளைகள் சிரித்தன. சந்தையில் அப்பா செய்வதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள்; பக்கத்தில் நிற்பவனுக்கும் தொகை தெரியாது. ஒத்துக்கொள்ளாதவன் கையை உருவிக்கொள்ள வேண்டும். உருவாமல் இருந்து, எதிராளி கையை விட்டுவிட்டால் பேரம் முடிந்தது.

மேரி அவன் விரலில் ஒன்றைப் பிடித்தாள். ஒரு நாளை விட்டுத் தருகிறேன். அவன் அவளுடைய மூன்று விரலைப் பிடித்தான். அவள் இரண்டைப் பிடித்தாள். அவன் மறுபடி மூன்றைப் பிடித்து அப்படியே இறுக்கி வைத்துக்கொண்டான். அவன் முகம் சுவரில் மாட்டியிருந்த திருஇருதய ஆண்டவர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். பந்தயத்தில் ஜெயித்தால் காலை ஓட்டம் வேலையாகவே கிடைத்துவிடும். வாரத்துக்கு ஆறு நாள். பிறகு இந்தத் திருட்டுச் சாயங்காலங்கள் எதற்கு? வற்றப்போகிற ஊற்றைக் கொடுத்து ஆற்றை வாங்குகிறோம் என்று நினைத்தாள். கையை உருவவில்லை. அவன் விட்டான்.

வியாழனும் வெள்ளியும் அவள் நாலரை பஸ்ஸில் போனாள். பந்தயத்துக்கு முன்னால் இப்படிச் சும்மா உட்கார்ந்து போவது காலுக்கு நல்லதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சனிக்கிழமை மத்தியானம் பிடித்த மழை சரக்கென்று விடுகிற மழையாக இல்லை. சாயங்காலம், மேரி வீடு வந்து சேர்ந்த பிறகு, வெள்ளி அருவிக்கு இந்தப் பக்கம் மலை சரிந்து, வீடு உயரத்துக்குப் பாறை வந்து சாலையில் உட்கார்ந்தது. பஸ் இல்லை. நடந்து தாண்டலாமா என்று கேட்டால், மேலேயிருந்து இன்னும் கல் உருள்கிறது, ஆளை விடக்கூடாது என்று போலீஸ் கயிறு கட்டிவிட்டது.

ஞாயிறு விடிகாலை செருப்பைப் போட்டுக்கொண்டு மேரி கயிறுவரை போய்ப் பார்த்தாள். போலீஸ்காரர் சாக்கைத் தலைக்குப் போட்டுக்கொண்டு நின்றார். "ரேஸாவது ஒண்ணாவது. போம்மா, வீட்டுல சோலி கெடக்கும்" என்றார். திரும்பி வந்தாள்.

பரமானந்தம் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தான். "நாளு உன்னுதுதான் பிள்ளே. நான் பேசுனதக் குடுத்துட்டேன். அக்கா ஒலை வச்சிருச்சு, உன்ன ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க. மேல போக முடியாட்டி கீழ பாத்து ஓடு. ஊத்து ஸ்டாப்பு வரைக்கும் ரோடு சும்மாதான கெடக்கு."

அவன் கேலி செய்யவில்லை. விற்ற சரக்கை ஒழுங்காக எடைபோட்டுக் கொடுக்கிற முகந்தான் அது. அதனால்தான் அவளுக்கு ஆத்திரம் வந்தது. சேலையைத் தூக்கிச் செருகினாள். கீழ்நோக்கி ஓடினாள்.

சாலை சும்மா கிடக்கவில்லை. மேலே போக வழியில்லாமல் ராத்திரி முழுக்க வந்து சேர்ந்த லாரிகள் வரிசையாக நின்றன. டிரைவர்கள், கிளீனர்கள், சரக்கு ஏற்ற முடியாத வியாபாரிகள் எல்லாரும் தார்ப்பாய்க்கு அடியில் அடுப்பு மூட்டி உட்கார்ந்திருந்தார்கள். வேலையில்லாத நாற்பது ஆம்பளைகள், பார்ப்பதற்கு ஒரே ஒரு பெண்பிள்ளை. ஒவ்வொரு லாரியாக அவளைக் கைமாற்றி விட்டது.

"நம்ம பரமானந்தம் வீட்டம்மால்ல."

"வழி விடுங்கப்பா, அண்ணி ஞாயித்துக்கிழமை வாங்கியிருக்காங்க."

மேரியின் கால் ஒரு எட்டு தடுமாறியது. பீடியும் வாயுமாக ராமர் தன் லாரிப் படியில் உட்கார்ந்திருந்தான். நிஜமான கரிசனத்தோடுதான் சொன்னான்: "என்ன அண்ணி, நனையுற நாளைப் போயி வாங்கிட்டீங்க. அதுவும் மூணு நாளக் குடுத்து ஒரு நாளு. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா ஒண்ணுக்கே முடிச்சுத் தந்திருப்பேன்."

அடுத்த லாரியில் பேரிக்காய் வியாபாரி நல்லசாமி. மூன்று விரலைத் தூக்கிக் காட்டினார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவள் இன்னும் ஒரு வளைவு ஓடினாள். அதற்கப்பாலும் லாரி நின்றது. அங்கேயே திரும்பினாள். ஏற்றத்தில் ஓட முடியாதவள் இல்லை. ஆனாலும் சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு, அந்த நாற்பது பேரையும் மறுபடி கடந்து, நடந்தே வந்தாள். வீட்டுக்கு வந்தபோது மணி ஏழரைதான். மத்தியானம் வரை இருந்த சொந்த நாளில் கறி கழுவினாள்.

புதன்கிழமை சாலையில் ஒரு பஸ் போக இடம் பண்ணினார்கள். ஹாஸ்டலில் நாலு நாள் விரிப்பு மலையாகக் குவிந்திருந்தது. ஹெலன் மிஸ் சலவைக்கூட வாசலில் வந்து நின்றாள். பந்தயம் இந்த வருஷம் இல்லை. அடுத்த வருஷம் நடத்தலாம், ஆனால் நடத்த அவள் இருக்க மாட்டாள். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகிறாள், ஒரு வருஷ லீவு, திரும்புவது நிச்சயமில்லை. "ஐ ஆம் சாரி, மேரி. நீ ஓடுறத விடாதே. ப்ராமிஸ்?" என்றாள். மேரி தலையாட்டினாள். அமெரிக்கக்காரியிடம் கொடுத்த வாக்குக்குத் துண்டு எதுவும் கிடையாது.

அன்று ராத்திரி பரமானந்தம் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னாள். "பந்தயமே நடக்கல. நம்ம பேச்சையும் விட்டுருவோம்."

"அதெப்படிப் பிள்ளே. கை விட்ட பொறவு மழை பேஞ்சா அது வாங்குனவன் பாடு. போன ஆவணியில நாப்பது கூடை பேரிக்கா எனக்கு நனைஞ்சு அழுகிச்சே, தோட்டக்காரங்கிட்ட நான் திரும்பிப் போயி நின்னனா? அதான் மொறை."

மேரி அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். மூன்று நாளாக விரிப்பு அலசுவதுபோல அந்த ஒரு வாக்கியத்தையே மனசில் அலசியிருந்தாள்.

"மொறையின்னு வந்தா முழுசா மொறை பாக்கணும்ல. துண்டுக்குள்ள பேசுனத வெளிய விட்டா அந்தப் பேரம் செல்லாதுன்னு நீங்கதான் சொல்லுவீங்க. யாவாரி மணியன் ஒரு தடவை வெளிய சொல்லிட்டாருன்னு லோடையே எறக்கிட்டு வந்தீங்க. மூணு விரலு நல்லசாமிக்கு எப்படித் தெரியும்?"

இசபெல்லா நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். ஒரு கணம் அவனும் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். நல்ல சரக்கைக் கண்ட வியாபாரியின் சந்தோஷம் அவன் முகத்தில் வந்தது.

"பரவால்லையே. நல்லாத்தான் மடக்குறே" என்றான். பிறகு, பிள்ளைக்குச் சொல்வதுபோல, கோபமே இல்லாமல் சொன்னான்: "அதெல்லாம் யாவாரிக ஒருத்தனுக்கொருத்தன் வச்சுக்கிறது பிள்ளே. நீ எம் பொண்டாட்டி. ஒன் விசயத்த நான் நாலு பேருகிட்டச் சொன்னா அதுல என்ன இருக்கு?"

தட்டை முன்னால் நகர்த்தினான். மேரி குழம்பு ஊற்றினாள்.