கை வந்துச்சா?

எங்கள் குழந்தைகள் காப்பகத்தில் கதவுக்கு மேலே ஒரு கேமரா இருக்கிறது. பெற்றவர்கள் வேலை செய்யும் இடத்திலிருந்தே பிள்ளைகளைப் போனில் பார்க்கலாம். மற்ற ஏழு அம்மாக்களும் எப்போதாவது எட்டிப் பார்ப்பார்கள். நாங்கள் மந்திரி என்று கூப்பிடும் பையனின் அம்மா மட்டும் கண் கொட்டாமல் பார்ப்பாள். இரண்டு தெரு தள்ளி மருந்துக் கடையில் அவளுக்கு வேலை. இருமல் மருந்து பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டுதான் மாத்திரை எடுத்துக் கொடுப்பாள் என்று கேள்வி.

அவளையும் குறை சொல்ல முடியாது. ஐந்து மாதத்தில் அவன் கட்டிலிலிருந்து விழுந்தான். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு மட்டும் அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை.

அவன் கொஞ்சம் சாய்ந்தால் போதும், சுவரில் மாட்டிய போன் அலறும். "அக்கா, சாயுறான், பிடிங்க!" ஒருத்திக்கு ஜட்டி ஈரம், ஒருத்தன் வாயில் கிரேயான், நடுவில் இந்தப் போன். எரிச்சல் தலைக்கேறி, அவனை பெல்ட் வைத்த நாற்காலியில் உட்கார வைத்தேன். போன் அடங்கியது. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவான். இறங்கினால் பதவி போய்விடும் என்பது போல அசையாமல் உட்கார்ந்திருப்பான். மந்திரி என்று நான்தான் பெயர் வைத்தேன். வைத்துவிட்டுச் சிரித்தேன் வேறு.

அவனுக்குப் பதினோரு மாதம் ஆனபோது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, துணி மாற்றுவதற்காக அவனை மெத்தையில் உட்கார வைத்துவிட்டுத் துண்டு எடுக்கத் திரும்பினேன். சிவப்புக் கப் ஒன்றை எட்டிப் பிடிக்க முன்னால் சாய்ந்தவன், அப்படியே முகங்குப்புற விழுந்தான். இரண்டு கையும் பக்கவாட்டில் கிடந்தன. மூக்கில் லேசாக ரத்தம்.

பிள்ளைகள் விழுவது எனக்குப் புதிதில்லை. நாங்கள் புல்லட் என்று கூப்பிடும் குட்டி ஒருத்தி இருக்கிறாள், அவனைவிட ஒரு மாதம் சின்னவள், ஒரு நாளைக்கு இருபது தடவை விழுவாள். ஆனால் அவளுக்கு உள்ளங்கைதான் முதலில் தரையில் அறையும், முகம் மேலேயே நிற்கும். இவனுக்குக் கை வரவில்லை. சந்தேகத்தில் அவன் இடுப்பைப் பிடித்து மெத்தைப் பக்கம் மெதுவாகச் சாய்த்துப் பார்த்தேன். தரை நெருங்க நெருங்க கண்ணை விரித்துப் பார்த்தானே தவிர, கை அசையவில்லை. அதற்குள் போன்.

"தரையில யார் விடச் சொன்னது? இன்னொரு தடவை விட்டீங்கன்னா நான் புள்ளைய நிறுத்திடுவேன்!"

"அதில்லம்மா, விழும்போது அவனுக்குக் கையே முன்னால வரல..."

"அக்கா, நீங்க டாக்டரா?" வைத்துவிட்டாள்.

காப்பகத்து மேடமும், "எதுக்கு வம்பு? நாற்காலியிலேயே வைங்க" என்றார்.

வியாழக்கிழமை எடை பார்க்க நர்ஸ் வந்தாள். கை, கால், முதுகு எல்லாம் அழுத்திப் பார்த்தாள். "தசையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இவன் புரளல, தவழல, ஒரு தடவை சாயக்கூட விடல நீங்க. கைக்கு எப்படித் தெரியும்? தரையில போட்டு விளையாட விடுங்க. ரெண்டு வாரம் பாருங்க. வரலன்னா டாக்டர்கிட்ட காட்டியே ஆகணும்."

அவள் போன பிறகு நாற்காலியைப் பார்த்தேன். போன் அலறாமல் இருக்க ஒரு பிள்ளையின் கையைக் கட்டி வைத்திருக்கிறேன். இனி அவன் எழுந்து நிற்பான். நின்றால் விழுவான். அன்றைக்கு மெத்தை இருக்காது. ஆனால் அவன் அம்மா கண்ணெதிரே தரையில் விட்டால் பிள்ளையையே நிறுத்திவிடுவாள்.

கேமராவுக்கு நேர் கீழே, கதவை ஒட்டி ஒரு மூலை. அங்கே நடப்பது அதன் கண்ணில் படாது. மெத்தையைச் சுருட்டி அங்கே போட்டு, அதன்மேல் அவனைக் குப்புறப் படுக்க வைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் உருட்டினேன். பின்னால் இழுத்தேன். மறுபடி உருட்டினேன். அவனுக்கு ஒரே குஷி. மந்திரி வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன். போன் அடிக்கும். "நாற்காலி காலியா இருக்கு?" "துணி மாத்துறேன்மா." இப்படி ஒன்பது நாள் கூசாமல் பொய் சொன்னேன். ஒவ்வொரு நாளும் கையைப் பார்த்தேன். ஆறாம் நாள் விரல் விரிந்தது. ஒன்பதாம் நாளும் கை வரவில்லை.

பத்தாம் நாள் போன் அடிக்கவில்லை. நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தேன். கதவு திறந்தது. மருந்துக் கடைக் கோட்டைக்கூடக் கழற்றாமல், மூச்சிரைக்க அவள் நின்றாள். அவள் பிள்ளையைத் தலைகீழாகத் தரைக்குச் சாய்த்துப் பிடித்திருந்தேன் நான்.

"ஐயோ, என் புள்ள!"

அம்மா குரல் கேட்டதும் துள்ளினான். பிடி நழுவியது. மெத்தையைத் தாண்டி வெறும் சிமெண்ட் தரைக்குப் போனான். நான் தாவினேன், அவளும் தாவினாள். எங்கள் இரண்டு பேர் கையும் எட்டவில்லை.

பட்.

இரண்டு உள்ளங்கையும் சிமெண்டில் விரிந்திருந்தன. ஒரு சாண் உயரத்தில் தலை. அம்மாவை நிமிர்ந்து பார்த்து வாயெல்லாம் எச்சிலாகச் சிரித்தான்.

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவனை மடியில் போட்டு, சிவந்த கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் எதையும் மறைக்கவில்லை. நாற்காலி, மூலை, பொய் எல்லாம் சொன்னேன்.

"நாற்காலியில எதுக்குக்கா கட்டி வச்சீங்க?"

"உன் போனுக்குப் பயந்துதாம்மா."

அவள் அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையை என்னிடம் நீட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் அவனை அறை நடுவில், கேமராவுக்கு எதிரிலேயே இறக்கிவிட்டேன். புல்லட்டை எட்டிப் பிடிக்கப் போய் முன்னால் சாய்ந்து விழுந்தான். உடனே போன். ஓடிப்போய் எடுத்தேன்.

"அக்கா... கை வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

"சரி, விடுங்க. விளையாடட்டும்."

இப்போதும் அவன் விழுகிற ஒவ்வொரு தடவையும் போன் அடிக்கிறது. அதே கேள்விதான். அவள் கேட்டு முடிப்பதற்குள், நானும் ஒவ்வொரு தடவையும் அவன் கையைத்தான் பார்க்கிறேன்.