மச்சினன் ஒட்டிக்கொண்ட செல்லோ

நான் லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். வாத்தியம் பழுதுபார்ப்பது என் தொழில் அல்ல. ஆனால் மேலும் கீழும் போகிற ஒரு பெட்டியைக் கம்பியில் தொங்கவிடத் தெரிந்தவனுக்கு, சும்மா நிற்கிற ஒரு பெட்டிமேல் நாலு கம்பியை இழுத்துக் கட்டத் தெரியாதா என்ற தைரியத்தில் இறங்கிவிட்டேன்.

செல்லோ என் மனைவியுடையது. வயலினுக்குப் பெரியம்மா முறை வேண்டும். தரையில் ஊன்றி, முழங்கால்களுக்கு நடுவே பிடித்து, உட்கார்ந்து வாசிப்பது. பீரோக் கதவு தானாகத் திறந்து அதைத் தள்ளிவிட்டது. பீரோ என் மச்சினன் வாங்கிக் கொடுத்தது. அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். முன்பலகையில் முழ நீளத்துக்கு விரிசல். அடிப்பக்கத்து ஓரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

வாத்தியம் பழுதுபார்க்கிற கடைக்காரர் மழைக்காலம் முடியட்டும் என்றார். மனைவிக்கோ அந்தச் சனிக்கிழமையே தேவை. அவளுடைய இசைக்குழுவில் முதல் செல்லோ நாற்காலி காலியாகியிருந்தது. அவளும் அதே குழுவில் செல்லோ வாசிக்கிற ஒரு பல் டாக்டரும் போட்டி. குழுவை நடத்துகிற பெரியவர் இருவரையும் தனித்தனியே வாசிக்கச் சொல்லி முடிவு செய்வார். இத்தனை வருஷமும் அவள் செல்லோக்காரர்களில் கடைசி வரிசையில், டிரம்பெட்காரரின் எச்சில் பிடரியில் தெறிக்கும் தூரத்தில் உட்கார்ந்து வாசித்தவள். இந்த முறையும் கிடைக்காவிட்டால் செல்லோவை விற்றுவிட்டுச் செடி வளர்க்கப் போவதாகச் சொன்னாள். அவள் விளையாட்டுக்குப் பேசுகிறவள் அல்ல. செடிகளுக்கும் அது நல்லதல்ல.

போதாக்குறைக்கு அந்தச் செல்லோவில் ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்தைத் தொட்டால் ஊளையிடும். செல்லோ ஜாதிக்கே உள்ள சீக்கு அது. கூட்டத்தோடு வாசிக்கும்போது அந்த இடம் வந்தால் வில்லைக் காற்றில் ஓட்டிவிடுவாள். தனியாக வாசித்தால் அது நடக்காது. பெரியவர் கொடுத்திருந்த பாட்டிலோ அதே ஸ்வரம் நட்டநடுவில் கால் நீட்டிப் படுத்திருந்தது.

மெல்லிய கத்தியால் முன்பலகையைக் கழற்றி, விரிசலை ஒட்டி, உள்பக்கம் சின்ன மரத்துண்டுகளால் தையல் போட்டேன். பசை, தச்சர்களின் வஜ்ஜிரம். மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுப்பது. அதைச் சமையலறையில் உருக்கியபோது கிளம்பிய வாசனையில் கீழ்வீட்டார் துக்கம் விசாரிக்க மேலே வந்தார்கள். வஜ்ஜிரத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. வெந்நீரும் கத்தியும் காட்டினால் விட்டுவிடும். அதுவரை விடவே விடாது.

சனிக்கிழமை காலை முன்பலகையை மூட வேண்டும். பீரோ பாவத்தைத் தீர்க்க மச்சினன் வந்திருந்தான். இன்சூரன்ஸ் ஏஜென்ட். நெஞ்சுவரை தாடி. தாடியை எடுத்தால் அச்சு அசல் அக்கா மாதிரி இருப்பான். ஒருமுறை எடுத்தபோது நானே அவனிடம் என் மூக்குக் கண்ணாடியைத் தேடித் தரச் சொல்லியிருக்கிறேன். அதிலிருந்து கத்திரிக்கோல் என்றாலே எழுந்து போய்விடுவான்.

பலகை சரியாக உட்காருகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னேன். குனிந்து பார்த்தான். மூச்சு விடாமல் பார் என்றேன், விடவில்லை. நான் சுற்றிலும் இறுக்கிகளை முறுக்கினேன். அவன் பாலிசி பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருப்பது இதுவே முதல் தடவை என்று எனக்குச் சந்தோஷம். பசை காய்ந்ததும் நிமிரச் சொன்னேன்.

"நிமிர முடியல மாமா," என்றான். "செல்லோவும் கூட வருது."

தாடி பலகைக்கும் செல்லோவின் பக்கச் சுவருக்கும் நடுவே போயிருந்தது. வெந்நீர் காட்டினால் தாடி வரும். கூடவே பலகையும் வரும். நான் கத்திரிக்கோல் தேடப் போனேன். அவன் செல்லோவைத் தூக்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றி ஓடினான். அதற்குள் மனைவி வந்து, இரண்டையும் சேர்த்து உட்காரவைத்துக் கம்பிகளைக் கட்டச் சொல்லி, வில்லை எடுத்து அந்தச் சனியன் பிடித்த ஸ்வரத்தை இழுத்தாள்.

ஊளை இல்லை. மறுபடி இழுத்தாள். தேன்.

அவள் தம்பியின் தலையைப் பார்த்தாள். அது பலகையின் ஓரத்தில் சரியாக அந்த ஊளை கிளம்பும் இடத்தில் சாய்ந்திருந்தது. லிப்டுக்கு எதிர்எடை மாதிரி, என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது.

"கத்திரிய உள்ள வைங்க," என்றாள்.

"அக்கா, வெட்டிடு," என்றான் அதுவரை ஓடியவன். "தாடி போனாப் போகுது."

"சட்டைய மாத்திட்டு வா."

சட்டையை மாற்ற வழியில்லை. அப்படியே டாக்சியில் ஏற்றினோம். டிரைவர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஓட்டினார். இறங்கும்போது தாடிக்காரருக்கு விமோசனம் உண்டா என்று என்னிடம் விசாரித்தார்.

மேடையில் ஒருவர்தான் இருக்கலாம் என்றார் பெரியவர். "இவன் வாசிக்க வரல சார், இது ஸ்பேர் பார்ட்," என்றாள் மனைவி. பல் டாக்டர் முதலில் வாசித்தார், குறை சொல்ல முடியாதபடி. பிறகு இவள். நல்லபடியாகத்தான் போனது, தாழ்ந்த ஸ்வரக் கம்பி வரும்வரை. அது அதிர்ந்ததும் தாடிக்குள் கூச்சம் கிளம்பிவிட்டது. மச்சினன் கைக்குட்டையைக் கடித்தான், தரையைப் பிறாண்டினான். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பு செல்லோவுக்குள் இறங்கிப் பெரிதாகி வெளியே வந்ததில் டிரம்பெட்காரர் நாற்காலியிலிருந்து சரிந்தார். ஜன்னல்கள் சிரித்தன. இவள் மட்டும் வில்லை நிறுத்தவில்லை.

பல் டாக்டர் எழுந்தார். வாத்தியத்தில் ஆளைச் சேர்த்துக்கொள்வது முறையில்லை, ஆளை நீக்கிவிட்டு வாசிக்கட்டும் என்றார். பேச்சில் நியாயம் இருந்தது. அவர் பையிலேயே கத்திரிக்கோலும் இருந்தது. ஒரே வெட்டு. தாடி முழுக்கப் பலகையோடு நின்றது. மச்சினன் தடவிப் பார்த்துக்கொண்டு, அக்காவின் முகத்தோடு ஓர் ஓரமாகப் போய் உட்கார்ந்தான்.

அவள் மறுபடி ஆரம்பித்தாள். நடுப்பகுதி நெருங்க நெருங்க அவள் கை தயங்குவது எனக்குத் தெரிந்தது. வில்லைக் காற்றில் ஓட்டப் போகிறாள் என்று நினைத்தேன். செடிகளை நினைத்துக்கொண்டேன்.

மச்சினன் எழுந்தான். யாரும் கூப்பிடவில்லை. மேடையில் ஏறி, தரையில் உட்கார்ந்து, பழைய இடத்திலேயே தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். அவள் இழுத்தாள். அந்த ஸ்வரம் வளைந்து போய்க் கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

"இப்போ ஒட்டலையே," என்று பெரியவர் பல் டாக்டரிடம் சொன்னார். "தம்பி அக்கா பக்கத்துல உக்காரக் கூடாதுன்னு நான் எப்படிச் சொல்ல?"

நாற்காலி இவளுக்குத்தான்.

மறுநாள் அந்த இடத்தில் பலவற்றை வைத்துச் சோதித்தேன். எலுமிச்சம்பழ அளவு களிமண் உருண்டை ஒன்று கச்சிதமாக வேலை செய்தது. மச்சினனின் தலைக்கும் அதற்கும் சத்தத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. மனைவி கேட்டுவிட்டு உருண்டையைப் பிய்த்து ஜன்னல் வழியே போட்டாள்.

"அவன்கிட்ட சொல்லிடாதீங்க," என்றாள். "கச்சேரிக்குக் கருப்புக் கோட்டு தைக்கக் குடுத்திருக்கான்."